மலைக்கு ஒரு திருகு, கரிசலுக்கு ஒரு திருகு

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் ஊருக்குக் கார்டு போடத்தான். அதிலும் நலம், நலமறிய ஆவல் என்பதற்கு மேல் ஓடாது. வயதும் ஆகிவிட்டது. நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகிறது. ஆகவே முன்னே பின்னே இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதும்படி ஆனது என் வாய் செய்த வேலை. என் தம்பி மகன் பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கிப் பழுதுபார்த்து ஓட்டுகிற பைத்தியம் பிடித்தவன். போன மாதம் அதில் ஒன்றை மலைக்கு ஓட்டிப்போய்விட்டு வந்து, ஏற்றத்தில் வண்டி இழுக்கவே இல்லை, கரும்புகையாகக் கக்கியது என்று எல்லோரிடமும் அலுத்துக்கொண்டிருந்தான். நான் ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சும்மா இருக்காமல், “மேல போகையில சின்ன ஜெட்ட மாட்டிட்டுப் போகலையாப்பா?” என்று கேட்டுவிட்டேன். வீடே திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவன் பின்னாலேயே வந்து, உங்களுக்கு எப்படி அத்தை தெரியும் என்று விடாமல் கேட்டான். வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்றான்.

எங்கள் ஊர், கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் கரிசல்காடும், ஒரு ஜோடி மாடும், பாரவண்டியும் இருந்தன. காட்டில் வேலை இல்லாத நாட்களில் பொதி ஏற்றிக் கோவில்பட்டிக்கு வண்டி அடிப்பார். அவருக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கை. அவள்தான் என் அத்தை. அத்தையை மேற்கே தேயிலை மலையில் இருந்த மாமாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவும் எங்கள் பக்கத்து ஆள்தான். மழை பொய்த்த ஒரு வருஷம் பிழைப்புத் தேடி மலையேறி, தேயிலை ஃபாக்டரியில் எஞ்சின் பார்க்கிறவர் ஆகிவிட்டார். அங்கே இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன மோட்டார் சைக்கிள் மாமா கைக்கு வந்திருந்தது. பச்சையா கறுப்பா, நிறம் எனக்கு நினைவில் இல்லை. பெட்ரோல் டாங்கி கன்றுக்குட்டி வயிறு மாதிரி இருக்கும். அது மட்டும் நினைவிருக்கிறது.

நான் சொல்கிற வருஷம் தை மாதத்திலிருந்தே அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். மலை ஒத்துக்கொள்ளவில்லை என்று என்னிடம் சொன்னார்கள். அங்கே அத்தைக்குத் தலைப்பிள்ளை பிறந்து, பிறந்த வாரத்திலேயே போய்விட்டது என்பதைச் சிறுபிள்ளைகளிடம் யார் சொல்வார்கள்? ஏழாம் மாசமே கொண்டுவந்து விட்டுவிடு என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். மாமா, லீவு கிடைக்கட்டும், மழை விடட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். மூச்சு முட்டுகிறது என்று அத்தை சொன்னபோதெல்லாம், புதுசாக வருகிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்றாராம். பிறகு பாதை சரிந்து மலையே அடைபட்டுவிட்டது. எங்களுக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அப்பாவுக்கு அது ஆறவே இல்லை. ஆவணியில் பெரியவர்களைக் கூட்டித் தீர்த்துவிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். தீர்த்துவிடுவது என்றால் தாலியை வாங்கிக் கொடுத்து உறவை அறுப்பது. எங்கள் ஆட்களில் அந்த வழக்கம் உண்டு. அத்தையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியிலேயே இருந்தாள். அவளுடைய மூக்குத்தித் திருகு மலையிலேயே எங்கோ விழுந்துவிட்டிருந்தது. மூக்கு தூர்ந்துபோகாமல் இருக்க ஒரு ஈர்க்குச்சியைச் செருகியிருந்தாள். அப்பா புதுத் திருகு செய்து தருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றுவிட்டாள்.

ஆடி மாதம். மேல்காற்று புழுதியை வாரி இறைக்கிற காலம். நான் கூடையை எடுத்துக்கொண்டு ஓடைக்கரையில் சாணி பொறுக்கிக்கொண்டிருந்தேன். ரோட்டுப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது. தறி ஓடுகிற மாதிரி ஒரே சீராக வந்தது. மாமாதான். ஓடைக்கரை உடைமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். எனக்குக் கூச்சம். புதருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். மாமா குத்தவைத்து உட்கார்ந்து, எஞ்சின் பக்கவாட்டில் எதையோ திறந்து, குட்டியாக ஒன்றை வெளியே எடுத்தார். பையிலிருந்து அதே மாதிரி இன்னொன்றை எடுத்து உள்ளே வைத்துத் திருகினார். வெளியே எடுத்ததைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வெகுநேரம் எங்கள் ஊரையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்கு ஏதோ சாமி கும்பிடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுபடியும் மிதித்துக் கிளப்பியபோது சத்தம் மாறியிருந்தது. கக்குவான் வந்த பிள்ளை மாதிரி இருமிக்கொண்டே போனது. நானும் கூடையோடு பின்னால் ஓடினேன். எங்கள் வாசலுக்கு வந்ததும் ‘டப்’பென்று ஒரு வெடி வெடித்து நின்றுவிட்டது.

அப்பா பாரவண்டிக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை.

“எதுக்கு வந்தீரு?” என்றார்.

“ஒரு வார்த்தை பேசிட்டுப் போலாம்னு வந்தேன், மச்சான்.”

“பேச்செல்லாம் ஆவணியில. பெரியாளுக முன்னால. வண்டியத் திருப்பும்.”

மாமா வண்டியைத் திருப்பினார். மிதித்தார். அது மூக்கு வழியாக ஒரு தும்மல் தும்மிற்று. மறுபடி மிதித்தார். மிதிகட்டை எகிறி அவர் காலையே அடித்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டும்வரை மிதித்தார். அப்பா மசகுக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “வாசல்ல வண்டி நின்னு போனவுகள வெரட்டுதது நம்ம வீட்டு வழக்கம் இல்லையே.”

இதை நான் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். கரிசல்காட்டில் மழை பெய்துவிட்டால் பாரவண்டி அச்சுவரை இறங்கிவிடும். ஆகவே வண்டிக்காரர்களுக்குள் ஒரு கட்டு உண்டு. எவன் வண்டி எவன் வாசலில் நின்றுபோனாலும், அது கிளம்புகிறவரைக்கும் அந்த வீட்டுக்காரன் சோறு போட வேண்டும். எப்போது போவாய் என்று கேட்கக்கூடாது. பகையாளியாக இருந்தாலும் அப்படித்தான். அப்பாவே புதூர்ப் பக்கம் அச்சு முறிந்து, முன்பின் தெரியாத வீட்டில் நாள்கணக்கில் சாப்பிட்டவர். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு இருப்பவர்.

மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கட்டு உண்டா என்று அப்பா யோசித்திருக்க வேண்டும். சக்கரம் இருக்கிறது. வாசலில் நின்றுவிட்டது. எப்படிப் பார்த்தாலும் வண்டிதான். மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “சரியாகுத வரைக்கும் தொழுவத்துல கெடக்கட்டும். ஆனா அவகிட்ட ஒரு வார்த்தை பேசப்படாது. சொல்லிட்டேன்.”

மாடு தலையை ஆட்டியது.

அதன்பிறகு மாமா எங்கள் வாசலிலேயே குடியிருந்தார். விடிந்ததும் வண்டியைப் பிரிப்பார். பொழுது சாய்வதற்குள் பூட்டுவார். மிதிப்பார். அது தும்மும். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

“என்ன மாப்பிள்ளை, மலைக்குதிரை சண்டித்தனம் பண்ணுதா? கொள்ளு வச்சுப் பாருமேன்.”

“கண்ணுப் பட்டிருக்குப்பா. ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டுங்க.”

மாமா எதற்கும் கோபப்படவில்லை. யாரோ எலுமிச்சம்பழம் கொண்டுவந்தபோது கைப்பிடியில் கட்டவும் விட்டார்.

அத்தையோடு பேசக்கூடாதே தவிர, என்னோடு பேசலாம். அதனால் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவே கூப்பிடு தூரம்கூட இல்லை. அத்தை பேசுவது மாமாவுக்கும், மாமா பேசுவது அத்தைக்கும் நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் ஓடித்தான் சொல்ல வேண்டும்.

“ஏட்டி, உங்க மாமாகிட்ட கேளு. கம்மஞ்சோறு எறங்குமா, இல்ல எஸ்டேட்டு நெல்லுச்சோறுதான் எறங்குமான்னு.”

நான் ஓடுவேன். மாமா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, யோசித்து, “உங்க அத்தை கையால போட்டா எதுவும் எறங்கும்னு சொல்லு” என்பார்.

நான் திரும்பி ஓடுவேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இந்த வாய்ச்சாலத்துக்கு ஒண்ணும் கொறச்சலில்ல” என்பாள். அதையும் கொண்டுபோவதா என்று கேட்டால் தலையில் ஒரு குட்டு விழும். அம்மா முறத்தில் புடைத்துக்கொண்டே சிரிப்பை அடக்குவாள். நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் ஒரு காரியமும் நடக்காது என்ற எண்ணம் எனக்கு அப்போது வந்துவிட்டது.

மாமா வந்த மறுநாளோ என்னவோ, புழுதியேறிய அவர் சட்டையைத் துவைக்கச் சொல்லி அம்மா என்னிடம் கொடுத்தாள். கிணற்றடியில் சட்டையை உதறினேன். கைக்குட்டை முடிச்சு அவிழ்ந்து, குட்டியாக ஒரு பொருள் கல்லில் விழுந்து உருண்டது. பித்தளை. மரை போட்டு, நடுவில் ஊசி நுழைகிற அளவு துளை. மண்ணில் தேய்த்துப் பார்த்தேன். பொன்னாக மின்னியது. எனக்குத் தெரிந்து உலகத்தில் அப்படி ஒரு பொருள்தான் உண்டு. மூக்குத்தித் திருகு! மலையில் விழுந்த திருகை மாமா தேடி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கொடுக்கத்தான் வழியில்லை, பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார்களே. எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. ஈரக்கையோடு ஓடிப்போய் அத்தையிடம் நீட்டினேன்.

“ஒங்க திருகு. மாமா பையில இருந்துச்சு.”

அத்தை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். துளை வழியாகப் பார்த்தாள். வாசலில் மாமா மாங்கு மாங்கென்று மிதிக்கிற சத்தம் கேட்டது. அத்தை அந்தத் திக்கில் பார்த்தாள், கையில் இருந்ததைப் பார்த்தாள். தை மாதத்திலிருந்து சிரிக்காத அத்தை அன்றைக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

“ஆமாட்டி, என் திருகுதான். யார்கிட்டயும் சொல்லப்படாது, என்ன?”

முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆனால் மூக்கில் ஈர்க்குச்சியை எடுக்கவில்லை. நான் தினமும் மூக்கைப் பார்ப்பேன். குச்சிதான் இருக்கும்.

அதன்பிறகு கேட்டனுப்புகிற கேள்விகள் கொஞ்சம் மாறின. ஒருநாள் மாமா, “உங்க அத்தைக்கு இப்ப மூச்சு நல்லா விட முடியுதான்னு கேட்டுட்டு வா” என்றார்.

அத்தை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையிலிருந்த மாவை வழித்துக்கொண்டே, “மூச்சு வருது. தூக்கந்தான் வரலைன்னு சொல்லு” என்றாள்.

மாமாவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “அங்கன வேலி கட்டியாச்சுன்னு சொல்லு. நல்ல கல்லுக்கால் வச்சுக் கட்டியிருக்கேன். பன்னி நோண்டாது.”

“என்ன தோட்டம் மாமா? கத்திரிக்காயா?” என்றேன்.

“ம்” என்றார்.

நான் அத்தையிடம் போய், மாமா மலையில் கத்திரித்தோட்டம் போட்டிருக்கிறாராம், வேலி கட்டியாச்சாம், பன்றி நோண்டாதாம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அத்தை அடுப்புக்கு முன்னால் குனிந்து ஊதினாள். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் ஊதிக்கொண்டே இருந்தாள்.

மாமாவின் லீவு முடிகிற நாள் வந்தது. அன்று காலையில் அவர் வண்டியைப் பார்க்கவில்லை. சட்டைப் பைகளைப் புரட்டினார். தொழுவத்து வைக்கோலை உதறினார். வாசல் மண்ணை அம்மாவின் சல்லடையை வாங்கிச் சலிக்க ஆரம்பித்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“என்ன மாமா தேடுதீய?”

“ஒரு சின்னத் திருகும்மா. பித்தளையில, நடுவுல ஓட்டை இருக்கும். பாத்தியா?”

“மூக்குத்தித் திருகா? அது அத்தைகிட்ட இருக்கே! வந்த மறுநாளே நான் எடுத்துக் குடுத்துட்டேனே.” யாரிடமும் சொல்லக்கூடாது என்று அத்தை சொன்னது அப்புறம்தான் நினைவு வந்தது.

மாமாவின் கையில் சல்லடை அப்படியே நின்றது. அடுப்படிக் கதவைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை நிற்பது எனக்குத் தெரிந்தது. வளையல் சத்தம் கேட்டது. மாமா சல்லடையை மண்ணில் வைத்துவிட்டு, பாரவண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டார். வேலைக்குத் திரும்பாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று அதற்கு முன்தினம்தான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. திருகைக் கேட்கவும் இல்லை.

தொலைத்த பொருள் இருக்கிற இடம் தெரிந்த பிறகும் அதைக் கேட்காத ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. பருத்திக்கொட்டை வாங்கக் கோவில்பட்டி போனவர், திரும்பும்போது வண்டியில் ஒரு மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பஸ், லாரி எஞ்சினெல்லாம் பார்க்கிறவர். வண்டியைச் சுற்றி வந்தார். கைப்பிடியில் காய்ந்து தொங்கிய எலுமிச்சம்பழத்தைத் தட்டிவிட்டார். “இத கட்டுனா எஞ்சினு ஓடும்னு யாரு சொன்னது?” என்றார். எஞ்சின் தலையிலிருந்து பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார்.

“பாருங்க அண்ணாச்சி. சுண்ணாம்பா வெளுத்துக் கெடக்கு. காய்ச்சக்காரன் நாக்கு மாதிரி. இது சீக்கு இல்ல. மலைக்குச் செஞ்ச டியூனு.”

“வெளங்குத மாதிரி சொல்லும் பாய்.”

“கன்னுக்குட்டி மடியில உறிஞ்சுதுல்லா? அந்த மாதிரி பிஸ்டன் கீழ எறங்கையில உள்ள வெறுமையாகி, காத்த உறிஞ்சும். காத்து போற இழுப்புல பெட்ரோலும் கூட வரும். பெட்ரோல் வார ஓட்டைக்குத்தான் ஜெட்டுன்னு பேரு. மலை மேல காத்து மெலிசு. எவ்வளவு உறிஞ்சுனாலும் நெறையாது. அங்கன பெரிய ஓட்டை வச்சா காத்து கொறச்சல், பெட்ரோலு கூடுதல். மூச்சு முட்டும். கரும்புகையாக் கக்கும். அதனால மேல சின்ன ஓட்டை. நம்ம கரிசக்காட்டுக் காத்து கனம். இங்கன அந்தச் சின்ன ஓட்டைய வச்சா பெட்ரோலு காணாது, வயிறு காஞ்சு எரியும். எடத்துக்குத் தக்கன மாத்தணும்.”

கதவுக்குப் பின்னால் அம்மா அத்தையிடம், “கேட்டியா? இரும்புக்கே மூச்சு முட்டுதாம்” என்று சொன்னது வாசல்வரை கேட்டது. மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

பாய் ஜெட்டைக் கழற்றிப் பார்த்தார். அவருக்குள் என்னவோ இடித்தது. “ஆமா, இதப் போட்டுக்கிட்டு மலைய விட்டு எறங்கியிருந்தா அடிவாரம் தாண்டியிருக்காதே. இம்புட்டுத் தூரம் எப்படி வந்தீய? கீழ போடுத பெரிய ஜெட்டு எங்க?”

“தொலஞ்சு போச்சு” என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வாயைத் திறப்பதற்குள், கதவோரம் நின்ற என் தொடையில் அம்மாவின் விரல்கள் ஒரு திருகு திருகின. பாய் மாமாவைப் பார்த்தார். கதவிடுக்கில் தெரிந்த சேலையைப் பார்த்தார். என் கண்ணில் தண்ணீர் நிற்பதையும் பார்த்தார். “அப்ப மதுரையில சொல்லித்தான் வாங்கணும். நாளாகும்” என்று சாமானை எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

அப்பா விடவில்லை. “அதெல்லாம் கெடக்கட்டும். இப்ப இது ஓட வழி இருக்கா, இல்லையா? தொழில் மேல ஆணையாச் சொல்லும்.”

தொழில் மேல் ஆணை என்றதும் பாய்க்கு மறைக்க முடியவில்லை. “காத்த அடைக்கிற கம்பி ஒண்ணு இருக்கும். இதுல அத்துப்போய்க் கெடக்கு. அதுக்குப் பதிலா, காத்து போற வாயில ஒரு துணியக் கட்டுனா காத்து மட்டுப்படும். உறிஞ்சுத உறிஞ்சுல பெட்ரோலு கூடுதலா வரும். அடிவாரம் வரைக்கும் மெதுவாப் போயிரலாம்.”

அப்பா வேறு துணி தேடவில்லை. தோளில் கிடந்த தன் துண்டை எடுத்து, நடுவில் கிழித்து நீட்டினார். அப்பா துண்டில்லாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாய் துணியைக் கட்டினார். மாமாதான் மிதிக்க வேண்டியிருந்தது. மெதுவாகத்தான் மிதித்தார். அந்தப் பாழாய்ப்போன வண்டி முதல் மிதியிலேயே பிடித்துக்கொண்டு, கடகடவென்று ஓடியது.

“வண்டி சரியாயிட்டு” என்றார் அப்பா. “இனிமே கெளம்பலாம்லா?”

மாமாவுக்கு இனி நிற்க வழியில்லை. துணிப்பையை எடுத்துக் கைப்பிடியில் மாட்டினார். என்னைக் கூப்பிட்டார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று உரக்கச் சொன்னார்.

“உங்க அத்தைகிட்ட சொல்லு. எடத்துக்குத் தக்கன வண்டிக்கு மாத்தத் தெரிஞ்ச பய, ஆளுக்கு மாத்தத் தெரியாமப் போயிட்டேன்னு சொல்லு. மூச்சு முட்டுதுன்னு சொன்னப்ப கேக்கலைன்னு சொல்லு.”

நான் அடுப்படிப் பக்கம் திரும்பினேன். ஓட வேண்டியிருக்கவில்லை. அத்தை வாசலுக்கே வந்துவிட்டிருந்தாள். ஊர் பார்க்க நடந்துவந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று, முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளங்கையில் அந்தத் திருகு.

“துணியக் கட்டிக்கிட்டு எம்புட்டுத் தூரம் போவீய? இந்தாங்க. ஒழுங்கா இத மாட்டுங்க.”

அது எனக்குச் சொன்னதில்லை, நேராக மாமாவுக்கே சொன்னது. மாமா எஞ்சினை அணைத்தார்.

“ஏது இது?” என்றார் அப்பா.

“இவிய சட்டையில இருந்துச்சு, அண்ணே.”

“எப்ப?”

“வந்த மறுநாளே.”

அப்பா தங்கையின் முகத்தையே பார்த்தார். அத்தை தலையைக் குனிந்துகொள்ளவில்லை. “ஆவணியில யாரையும் கூட்டவேண்டாம், அண்ணே. நான் இவிய கூடப் போறேன்” என்றாள். பாய் மட்டும் முன்னால் வந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி, “அல்லா, இந்த ஜெட்டுதான் வேணும்” என்று திருகை வாங்கிக்கொண்டார்.

அப்பா தோளைத் தடவினார். துண்டு இல்லை. “அந்த ரெட்டைக்கால் சனியன்ல என் தங்கச்சி ஏறப்படாது. பொட்டியக் கட்டு. மாட்டைப் பூட்டுதேன். கோவில்பட்டியில பஸ் ஏத்தி விடுதேன்” என்றார்.

அப்படித்தான் போனோம். பாரவண்டியில் அத்தை, தகரப்பெட்டி, பாய், நான். பக்கத்தில் மாமா மோட்டார் சைக்கிளில். திருகை மாற்றிப் போட்ட வண்டி தறி மாதிரி சீராக ஓடியது. என்ன பிரயோசனம்? மாட்டு நடைக்குத்தான் வந்தது. கொஞ்சதூரம் போய்க் காத்து நிற்கும், நாங்கள் வந்ததும் மறுபடி கூடவே வரும். கிழிந்த துண்டைக் கேட்டு வாங்க அப்பாவும் நினைக்கவில்லை, கொடுக்க மாமாவும் நினைக்கவில்லை. அது கைப்பிடியில் பறந்துகொண்டே போனது. எனக்கு மட்டும் ஆற்றாமை. தன் பொன் திருகை அந்த வண்டிக்குக் கொடுத்துவிட்டு, அத்தை ஈர்க்குச்சியோடு மலைக்குப் போகிறாளே என்று.

பஸ் ஏற்றிவிட்டு, பாயையும் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டியில் அப்பாவும் நானும் மட்டும். என் ஆற்றாமையை அவரிடம் சொன்னேன். “மூக்குத்தித் திருகை எதுக்குப்பா மாமா வண்டியில போட்டாரு? அன்னைக்கு உடமரத்தடியில அதக் கழத்தினாரே, அப்படியே விட்டிருக்கலாம்லா.”

“எந்த உடமரம்?”

பார்த்ததைச் சொன்னேன். சீராக வந்த வண்டி மரத்தடியில் நின்றது, மாமா ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டியது, ஊரையே பார்த்துக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகுதான் வண்டிக்கு இருமல் வந்தது, எல்லாவற்றையும். அப்பா கயிற்றைப் பிடித்து மாட்டை நிறுத்தினார். நடுரோட்டில் வண்டி நின்றது.

“களவாணிப் பய” என்றார். “வண்டிக்காரன் கட்டு தெரிஞ்சு வந்திருக்கான்.” பிறகு சிரிக்க ஆரம்பித்தார். “அவனும் நடிச்சிருக்கான். இவளும் ஒளிச்சு வச்சிருக்கா. நான் துண்டக் கிழிச்சுக் குடுத்திருக்கேன்.” சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழக்கத்தில் தோளுக்குக் கை போயிற்று. பிறகு வேட்டி முனையைத் தூக்கித் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தைக்கு நன்றாகத்தானே ஆயிற்று, இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மாமாவின் வேலை போகவில்லை. அவரே கேட்டு, அடிவாரத்து டிப்போவில் லாரிகளைப் பார்க்கிற வேலைக்கு மாறிக்கொண்டார். அத்தை அங்கேயே இருந்தாள். அடுத்த பொங்கலுக்கு வந்தபோது மூக்கில் மூக்குத்தி இருந்தது. உங்கள் கத்திரித்தோட்டத்தில் காய்த்ததா என்று நான் எல்லோர் முன்னாலும் கேட்டேன். அத்தை என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். அப்போது எனக்கு மடியில் உட்காருகிற வயதில்லை. எதற்கு உட்காரவைத்தாள், அந்த வேலிக்குள் என்ன இருந்தது என்று தெரிய எனக்கு இன்னும் பல வருஷம் ஆகவேண்டியிருந்தது.

இதை என் தம்பி மகன் ஒருதடவை படித்துப் பார்க்க வேண்டும். மலைக்குச் சின்ன ஓட்டை, கரிசலுக்குப் பெரிய ஓட்டை என்று எழுதியிருக்கிறேன். மாற்றி எழுதியிருந்தால் திருத்திவிடவும். பாய் சொன்ன காற்று, உறிஞ்சல் சமாசாரத்தையும் தெரிந்த யாரிடமாவது கேட்டுக்கொள்ளவும். எனக்கு வந்தது அவ்வளவுதான். முந்தானை முடிச்சை அத்தை பல்லால்தான் அவிழ்த்தாள், அதில் சந்தேகம் இல்லை. அதை மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம்.